கொச்சியில் ஓர் இரவு: ஃபோர்ட் கொச்சியா, மட்டாஞ்சேரியா, எர்ணாகுளமா?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கமிருந்தும், வாளையாருக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர், பொள்ளாச்சியிலிருந்தும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "சனி ஞாயிறு கொச்சி போறோம். ராத்திரி நல்லா சுத்தணும், பாட்டு, கூத்துன்னு ஏதாவது பார்க்கணும். ரூம் எங்கே போடறது?" பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். போய்ச் சேருவது பெரிய காரியமில்லை. சேர்ந்த பிறகு எந்தக் கரையில் தங்குவது என்பதில்தான் பலர் இரவைக் கோட்டை விடுகிறார்கள்.

கொச்சி என்று ஒரே பேரில் சொன்னாலும் நடுவில் காயல் கிடக்கிறது. கிழக்குக் கரையில் எர்ணாகுளம். ரயில் நிலையம், மெட்ரோ, கடைவீதி, பார் எல்லாம் அங்கே. மேற்குக் கரையில் ஃபோர்ட் கொச்சியும் அதை ஒட்டி மட்டாஞ்சேரியும். பகலெல்லாம் படகு ஓடிக்கொண்டே இருப்பதால் எங்கே தங்கினாலும் குடி முழுகிப் போகாது. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் படகு நின்றதும் இரண்டும் தனித்தனி ஊராகிவிடும். தோப்பும்படி வழியாகச் சாலையில் சுற்றி வந்தால் பன்னிரண்டு கிலோமீட்டர் போல வரும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து வரை கேரளத்தில் ஆட்டோவுக்கு ஒன்றரை மடங்கு கட்டணம். அது சட்டப்படியான கணக்கு. வாயில் கேட்கும் தொகை பெரும்பாலும் அதற்கும் மேலே போகும்.

அதனால் அறையின் படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். உங்கள் சாயங்காலம் எந்தக் கரையில் முடியப்போகிறது என்று முதலில் பாருங்கள். அறையும் அந்தக் கரையிலேயே இருக்கட்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். ஒன்பது மணிக்கு மேல் அங்கே என்ன உயிரோடு இருக்கிறது? அங்கே நடக்கும் கலை வந்தவர்களுக்காக நடப்பதா, ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்துவதா? திரும்பி அறைக்கு வருவது எவ்வளவு சுலபம்? கடைசியாகச் செலவு, அதிலும் அறை வாடகையில் தெரியாத செலவு.

மூன்று இடத்துக்கும் பொதுவான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்துப் பையன்கள் அங்கே போய்த்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். கேரளத்தில் மது அருந்தச் சட்டப்படி 23 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 21 இங்கே செல்லாது. பார்கள் இரவு பதினொன்றுக்கு மூடிவிடும். மாதத்தின் முதல் தேதி விடுமுறை. 2014-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற பார்களையெல்லாம் மூடி, 2017-ல்தான் மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கு மறுபடி வழிவிட்டார்கள். பெங்களூரில் இருப்பதுபோல் தெருவுக்குத் தெரு பப் என்ற பழக்கம் கொச்சியில் வேர்விடவில்லை. அதைத் தேடிப் போகிறவர்களுக்கு மூன்று இடமும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்த ஊரின் இரவு இருப்பது வேறு இடத்தில்: ஒப்பனை அறையில், கோயில் பந்தலில், ஹார்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில். அது நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நம் பிள்ளைகள் அதைப் பார்க்காமலே பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

## ஃபோர்ட் கொச்சி

முதல்முறை போகிறவர்களுக்கும், குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கும் இதுதான் சௌகரியம். எல்லாம் நடக்கும் தூரம். வாஸ்கோ ட காமாவை 1524-ல் முதலில் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயம், பிரின்சஸ் ஸ்ட்ரீட், பரேடு மைதானம், கடற்கரை, சீன வலைகள் என்று ஒரு சாயங்காலத்தில் சுற்றி வந்துவிடலாம். சீன வலையைத் தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடாமல் பக்கத்தில் போய் நில்லுங்கள். பாரத்துக்காகக் கட்டிய கற்கள் வெவ்வேறு நீளக் கயிறுகளில் தொங்கும். நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க, வலை மேலே வரவர, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே தளத்தில் வந்து உட்காரும். மின்சாரமும் மோட்டாரும் இல்லாமல் அவ்வளவு பெரிய வலை ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கணக்கில்தான்.

மாலை நிகழ்ச்சி என்றால் கதகளி. தினமும் சாயங்காலம் நடக்கும், சில நூறு ரூபாய் டிக்கெட். ஆட்டம் ஆறு மணிக்கு என்றால் ஐந்து மணிக்கே போய்விடுங்கள், ஒப்பனையை முன்னால் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். ஆட்டக்காரர் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். தாடை ஓரமாக அரிசிமாவுக் குழம்பும் காகிதமும் கொண்டு சுட்டி என்ற வெள்ளை விளிம்பைக் கட்டுவார்கள். பச்சை முகம் வந்தால் அரசனோ தேவனோ என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியில் சுண்டைப்பூவிலிருந்து எடுத்த பொடிசான ஒன்றைக் கீழிமைக்குள் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் கண்ணில் செவ்வரி ஓடி முழுக்கச் சிவந்துவிடும். ஆட்டம் வந்தவர்களுக்காகச் சுருக்கியதுதான், ஒன்றரை மணி நேரம் போல. ஆனால் இந்த ஒரு மணி நேர ஒப்பனைக்காகவே டிக்கெட் தகும். கதகளியை முதல்முறை பார்க்கும் குழந்தைக்கு விடியவிடிய நடக்கும் ஆட்டத்தைவிட இதுதான் நல்ல ஆரம்பம்.

பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் குளிர்காலம் என்றால் கணக்கே மாறிவிடும். கொச்சி-முசிறிஸ் பியனாலே 2012 டிசம்பர் 12-ல் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு முயற்சியில் தொடங்கியது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். ஆறாவது பதிப்பு 2025 டிசம்பர் 12-ல் தொடங்கியது. அந்த மாதங்களில் பழைய கிடங்குகளும் பங்களாக்களும் காட்சிக்கூடங்களாகிவிடும். சாயங்காலத்தில் பேச்சு, இசை, திரையிடல் எல்லாம் இருக்கும். அப்போது தங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு கொஞ்சம் அதிகம். காஃபேக்களில் இரண்டு பேர் காபியும் கேக்கும் சாப்பிடும் பணத்தில் எர்ணாகுளத்தில் இரவுச் சாப்பாட்டையே முடித்துவிடலாம். பத்து மணிக்கு மேல் பசித்தால் திறந்த கடை தேட வேண்டும். ஹோம்ஸ்டே வீட்டுக்காரர்கள் அருமையான மனிதர்கள், ஆனால் கேட்டைப் பூட்டிவிட்டுத் தூங்க வேண்டியவர்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால் கோபப்படக் கூடாது. கார் கொண்டுபோனால் குறுகலான தெருவில் நிறுத்த இடம் கிடைக்காது. கொசு உண்டு, நிறையவே உண்டு. மழைக்காலத்துக்குப் பிறகு கடற்கரை முழுக்க ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடக்கும் நாட்களும் வரும். கடலில் குளிக்கிற ஆசையோடு யாரும் இங்கே போக வேண்டாம்.

## மட்டாஞ்சேரி

ஃபோர்ட் கொச்சியிலிருந்து கல்வத்தி வழியாக பஜார் ரோட்டில் நடந்தாலே போய்விடலாம். சுக்கு, மிளகு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளின் வாசனை வழியெல்லாம் கூடவே வரும். 2025 அக்டோபரிலிருந்து வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவையும் இங்கே வருகிறது.

பல சமூகம் கலந்து வாழும் ஊர் என்று கொச்சியைச் சொல்கிறார்களே, அந்தப் பெருமை பெரும்பாலும் மட்டாஞ்சேரிக்குத்தான் சேர வேண்டும். 1568-ல் கட்டிய பரதேசி யூத ஜெபக்கூடம், அதன் தரையில் சீனாவிலிருந்து வந்த கையால் வரைந்த நீலவெள்ளை ஓடுகள். அதற்குப் பக்கத்திலேயே போர்ச்சுக்கீசியர் கட்டிக்கொடுத்து டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனை, உள்ளே ராமாயணச் சுவரோவியங்கள். கொஞ்ச தூரத்தில் கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் கோயில். குஜராத்தித் தெரு, சமணக் கோயில், கச்சி மேமன்கள், தக்கணி உருது பேசும் குடும்பங்கள். சித்தூர் தாலுக்காவில் வளர்ந்த நமக்கு வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் புதிதில்லை. இங்கே தெருவுக்குத் தெரு வீட்டு மொழி மாறும், எல்லாருக்கும் பொதுவாக மலையாளம் இருக்கும்.

நம் ஆட்களும் உண்டு. ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் பக்கத்தில் வெளி என்ற இடத்தில் உள்ள தோபிகானாவில் துணி வெளுப்பவர்கள் டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார்களின் வழியில் வந்தவர்கள். இன்னும் தமிழ் பேசுகிறார்கள். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் பிரிக்குள் துணி முனையைச் செருகிக் காய வைப்பார்கள். ஒரு கிளிப்பும் தேவையில்லை, காற்றடித்தாலும் விழாது. பகலில் போக வேண்டிய இடம்தான், இருந்தாலும் தமிழர்கள் கொச்சி போய் இதைப் பார்க்காமல் வரக் கூடாது. அவர்கள் வேலை செய்யும் இடம் அது. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

சரி, இரவு? இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். யூதத் தெருக் கடைகள் சாயங்காலமே மூடிவிடும். ஏழரை மணிக்கு அந்தத் தெருவில் நடந்தால் ஒன்றுமே இல்லாத ஊர் என்று தோன்றும். ஆனால் மட்டாஞ்சேரிக்கு ஒரு பாட்டு மரபு இருக்கிறது. 1981-ல் மறைந்த பாடகர் மெஹபூபை இன்றும் மெஹபூப் பாய் என்றுதான் இங்கே சொல்கிறார்கள். மலையாளத்தில் கஸலைப் பரப்பி 2018-ல் மறைந்த உம்பாயியும் இந்த மண்ணின் ஆள். மெஹ்ஃபில் என்ற இந்தப் பாட்டுக் கூட்டத்துக்கு மேடையும் விளக்கும் இல்லை. ஒரு ஹார்மோனியம், ஒரு தபலா, பாய் விரித்த ஒரு கூடம். பழைய இந்திப் பாட்டும் மலையாள கஸலும் மாறிமாறி வரும். நல்ல சங்கதி ஒன்று விழுந்தால் கூடத்தில் இருக்கும் பெரியவர் "வாஹ்" என்று கையைத் தூக்குவார், பாடுகிறவர் அதே வரியை இன்னொரு விதமாகத் திருப்பிப் பாடுவார். இது சுற்றுலாக்காரர்களுக்காக நடப்பதில்லை. சீட்டு விற்பதும் இல்லை. சுவரொட்டியைப் பார்த்தோ, டீக்கடையில் விசாரித்தோதான் தெரிந்துகொள்ள முடியும். கிடைத்தால் பாக்கியம். கிடைக்காத இரவுகளும் நிறைய.

இன்னொன்று, மாங்காட்டுமுக்கில் இருக்கும் காப்பிரி முத்தப்பன். 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, ஓடிப்போன போர்ச்சுக்கீசியர்கள் தங்கள் புதையலுக்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று புதைத்தார்கள் என்பது ஊர்க்கதை. அப்படிச் செத்தவரைத் தெய்வமாக்கி, மெழுகுவத்தி ஏற்றி, கள்ளும் சுருட்டும் புட்டும் படைக்கிறார்கள். எல்லா மதத்தவரும் வந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பெரிய கோயில் என்று நினைத்துப் போகாதீர்கள், சாலையோரச் சின்ன இடம். இருட்டிய பிறகு, மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வங்களைக் கும்பிட்டுப் பழகியவர்களுக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

செலவு இங்கே குறைவு, ஆனால் வேறு விதத்தில் இழப்பு வரும். தங்கும் இடங்கள் மிகக் குறைவு. புகழ்பெற்ற காயிக்கா கடை பிரியாணியை மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், தாமதமானால் தீர்ந்துவிடும். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், ஜெபக்கூடம் திறக்காது. வெள்ளிக்கிழமை அரண்மனை மூடல். வாரக்கடைசியில் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை மட்டாஞ்சேரிக்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது. ஜெபக்கூடத்துக்கும் கோயில்களுக்கும் உடை விஷயத்தில் கவனம் வேண்டும்.

## எர்ணாகுளம்

நண்பர் கூட்டமாகப் போகிறீர்கள், பதினொன்று வரை பாரில் உட்கார வேண்டும், அப்புறம் தெருவோரத் தட்டுக்கடையில் சூடாகத் தோசையும் ஆம்லெட்டும் சாப்பிட வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், எர்ணாகுளம்தான். ரயிலிலிருந்து இறங்கி நடந்தே அறைக்குப் போய்விடலாம். மெட்ரோ இரவு பத்து மணி தாண்டியும் ஓடும். அறை வாடகையில் பேரம் பேச இடமிருக்கும். மரைன் டிரைவில் காயல் காற்றில் நடை, பனம்பிள்ளி நகரில் காஃபேக்கள். இளைஞர்கள் கூடும் கொச்சி இப்போது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, கலை மட்டும் அக்கரையில் என்று நினைத்துவிடாதீர்கள். கார்த்திகை மாதத்தில், அதாவது மலையாளிகளின் விருச்சிகத்தில், திருப்பூணித்துறை பூர்ணத்திரயீசர் கோயிலில் எட்டு நாள் உற்சவம். பதினைந்து யானைகளுக்கு முன்னால் மேளம், இரவெல்லாம் கதகளி, டிக்கெட் கிடையாது. ஃபோர்ட் கொச்சியில் சுருக்கிப் பார்த்ததன் முழு உருவத்தை இங்கே பார்க்கலாம். பாட்டிகள் பாய் கொண்டுவந்து உட்கார்ந்து விடியும்வரை பார்க்கிறார்கள். 2024 மார்ச்சிலிருந்து மெட்ரோ திருப்பூணித்துறை வரை வருவதால் போவது சுலபம். தை மாதத்தில் எர்ணாகுளத்தப்பன் கோயில் உற்சவம், அதுவும் எட்டு நாள், ஊர் நடுவிலேயே. கல்பாத்தித் தேருக்கு வருடம் தவறாமல் போகிற குடும்பங்களுக்கு இந்த உற்சவங்களைத்தான் நான் முதலில் சொல்வேன். ஆண்கள் வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கோயிலுக்குள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

குறை என்றால் ஊரின் முகம். உற்சவம் இல்லாத நாளில் எம்.ஜி. ரோட்டில் இரவு நடப்பதும் கோவை கிராஸ்கட் ரோட்டில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்காக மூன்று மணி நேரம் பயணம் வேண்டுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஃபோர்ட் கொச்சி | மட்டாஞ்சேரி | எர்ணாகுளம் |
|---|---|---|---|
| ஒன்பது மணிக்கு மேல் | கடற்கரை நடை, சில காஃபே | மெஹ்ஃபில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இருட்டு | பார், தட்டுக்கடை, உற்சவ நாளில் விடியும்வரை |
| கலை யாருக்காக | பெரும்பாலும் வந்தவர்களுக்கு | ஊர்க்காரர்களுக்கு | கோயில் உற்சவம் எல்லாருக்கும் |
| திரும்புவது | அங்கேயே தங்கினால் நடை | ஆட்டோ | மெட்ரோ, ஆட்டோ |
| தெரியாத செலவு | காஃபே பில், பார்க்கிங், டிசம்பர் வாடகை | மூடும் நாட்கள், தங்க இடமின்மை | பார் பில், போக்குவரத்து நெரிசல் |

## யாருக்கு எது

குழந்தைகளோடு ஒரே இரவு: ஃபோர்ட் கொச்சி. சாயங்காலம் கதகளி, மறுநாள் காலை மட்டாஞ்சேரி.

இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக் கல்லூரிக் கூட்டம்: பார் உங்களுக்கு இல்லை, அதனால் எர்ணாகுளத்தில் தங்குவதன் பாதிக் காரணம் போய்விட்டது. பியனாலே நடக்கும் மாதத்தில் ஃபோர்ட் கொச்சிக்குப் போங்கள். இல்லாவிட்டால் திருப்பூணித்துறை உற்சவத்தைக் கணக்குப் பண்ணுங்கள்.

வேலைக்குப் போகும் நண்பர்கள், கடைசி ரயிலில் வந்து இறங்குகிறவர்கள்: எர்ணாகுளம். காலையில் படகேறி அக்கரை போகலாம். முதல் தேதி மட்டும் வேண்டாம்.

பாட்டுப் பைத்தியங்களுக்கும், மனிதர்களோடு பேசிப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கும் என் தேர்வு இது: ஃபோர்ட் கொச்சியின் தென்பக்கம், வெளி மைதானத்தை ஒட்டி அறை எடுங்கள், பகலும் மாலையும் மட்டாஞ்சேரியில் இருங்கள். மெஹ்ஃபில் எத்தனை மணிக்கு முடிந்தாலும் ஆட்டோ செலவு கொஞ்சம்தான், படகைப் பற்றிய கவலையே இல்லை. ஒரு இரவு போதாது, இரண்டு இரவாவது தங்குங்கள். இதை நான் எல்லாருக்கும் சொல்வதில்லை. ஒன்றும் நடக்காத சாயங்காலத்தை டீக்கடையில் பேசிக் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

## டிசம்பர் 31

மேலே சொன்னது எதுவும் இந்த ஒரு இரவுக்குப் பொருந்தாது. டிசம்பர் கடைசியில் கொச்சின் கார்னிவல் நடக்கும். புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் பாப்பாஞ்ஞி என்ற பெரிய தாத்தா உருவத்தைக் கொளுத்துவார்கள். கூட்டம் பல்லாயிரக்கணக்கில் வரும். வண்டிகளை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறப் பார்ப்பதால் படகுத்துறையிலும் பஸ்ஸிலும் நெரிசல் பயமாக இருக்கும். எர்ணாகுளத்தில் அறை வைத்துக்கொண்டு இதற்குப் போகாதீர்கள். ஃபோர்ட் கொச்சியில் நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தால் மட்டும் போங்கள். அதற்கு மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும், வாடகையும் இரண்டு மடங்காவது இருக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் 31-ஐ விட்டுவிட்டு ஜனவரி 1 மதியத்துக்கு மேல் கார்னிவல் ஊர்வலத்துக்குப் போங்கள். வேஷக்காரர்களும் அலங்கார வண்டிகளும் மேளமும் பகல் வெளிச்சத்திலேயே வரும், சாயங்காலப் படகைப் பிடித்து எர்ணாகுளம் வந்து ராத்திரி ரயிலில் பாலக்காடு திரும்பிவிடலாம்.